தறிக்கூடத்தில் ஒரு பட்டறை

சேலம் அம்மாபேட்டையில் கைத்தறியை எடுத்துவிட்ட வீடுகளில் தறி இருந்த கூடம் இப்போது என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கூட்டர் நிற்கிறது, பழைய பீரோ நிற்கிறது, மழைக்கு நனையக்கூடாத எல்லாம் அங்கே வந்து சேர்கிறது. கார் வாங்கியவர்கள் வாசல் சுவரை இடித்து ஷட்டர் போட்டுக்கொண்டார்கள். இந்த இடம் ஒரு வீட்டுப் பட்டறைக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை நான் பலரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீளமான கூடம், தெருப்பக்கம் வெளிச்சம், அடுப்படியில் இருந்து தள்ளி இருப்பதால் சத்தம் போட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பட்டறை போடலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது மட்டும் எப்போதும் ஒரே கேள்வி: "எந்த டூல் செட் வாங்கலாம்?"

என் பதில்: எங்கே வைப்பது என்று முடிவு செய்த பிறகு வாங்குங்கள். இதைச் சொன்னால் கேட்பவர் முகம் சுருங்கிவிடுகிறது. வாங்குவதில் இருக்கிற சந்தோஷம் வைப்பதில் இல்லைதான். ஆனால் பட்டறையில் ஒரு சாமான் பயன்படுமா, துருப்பிடித்துப் போகுமா என்பதை அதன் விலையைவிட அது இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குழித்தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

குழித்தறியில் நெசவாளி உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது பெரிய வேலை. கால் இரண்டும் குழிக்குள் மிதியின் மேல் இருக்கும், மடிக்கு மேலே துணி. அதனால் வேண்டியது எல்லாம் உட்கார்ந்த இடத்தில் இருந்தே எட்ட வேண்டும். அப்பாவின் வலது கைப்பக்கம் குழியின் ஓரத்திலேயே ஒரு மாடம் இருந்தது. அதில் கத்தரி, அச்சில் இழை இழுக்கிற கொக்கி, தண்ணீர்க் கிண்ணம். இடது பக்கம் தார்க்குச்சிகள் போட்ட கூடை. இழை அறுந்தால் கண் பாவின் மேலேயே இருக்கும். கை மட்டும் போய்க் கொக்கியை எடுத்து வரும். கத்தரியை வேறு யாராவது எடுத்து நாலு விரற்கடை தள்ளி வைத்துவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார். வெண்பட்டு வேட்டி நெய்கிற வேகம் என்பது நாடாவின் வேகம் மட்டும் கிடையாது, இந்த மாடத்தின் ஒழுங்கும் சேர்ந்ததுதான்.

தறிக்காரர்களிடம் இருந்து இந்த ஒழுங்கு உலகத்துக்கே போயிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்து மாட்டிவைக்கிறார்களே, அந்தக் கம்பெனியை நிறுவிய குடும்பத்தின் தொழில் ஆரம்பித்தது தறியில்தான். சாகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். ஊர்ப் பெண்கள் கைத்தறியில் கஷ்டப்படுவதைப் பார்த்துத் தறியைத் திருத்த ஆரம்பித்தவர். 1924-ல் அவருடைய தானியங்கித் தறி வந்தது. 1929-ல் அதன் காப்புரிமை லங்காஷயரின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்குப் போனது. அந்தப் பணம் மகன் கீச்சிரோவின் கார் முயற்சிக்குக் கைகொடுத்தது என்று அவர்கள் வரலாற்றிலேயே சொல்கிறார்கள். 1937-ல் கார் கம்பெனி. இழை அறுந்தால் தறி தானே நின்றுவிட வேண்டும் என்று யோசித்த அதே புத்திதான், பலகையில் ஒரு ஸ்பானர் இல்லாவிட்டால் அந்த வெற்றிடம் உடனே கண்ணில் பட வேண்டும் என்றும் யோசித்தது.

சரி, நம்ம ஊர்த் தறிக்கூடத்துக்கு வருவோம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இடம் ஈரத்துக்காகவே கட்டப்பட்டது. பருத்திப் பாவு காய்ந்தால் அறுந்துகொண்டே இருக்கும். கஞ்சி போட்ட இழை வறண்ட காற்றில் முறுகி உடையும். அதனால் குழியைச் சுற்றி மண்தரை, சாணி மெழுகல், வெயில் நாளில் தண்ணீர் தெளிப்பு. சேலத்து வெயிலிலும் தறிக்கூடத்துக்குள் போனால் குளுகுளு என்று இருப்பது இதனால்தான். நூலுக்கு நல்லதாக இருந்த அந்தக் குளுமை இரும்புக்கு எமன். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருப்பிடிப்பது வேகமெடுக்கும். ஐப்பசி அடைமழையில் தரையில் இருந்து ஈரம் ஏறுகிற கூடத்துக்குள் கேட்கவே வேண்டாம்.

குழியை என்ன செய்வது? நிறையப் பேர் பலகை போட்டு மூடி, உள்ளே சாமான்களைப் போட்டுவைக்கிறார்கள். பார்க்க வசதியாகத்தான் தெரியும். ஆனால் வீட்டிலேயே ஈரமான இடம் அதுதான். இரும்பு எதையும் அதற்குள் வைக்காதீர்கள். பி.வி.சி. குழாய்த் துண்டு, பிளாஸ்டிக் வாளி, கயிறு, அந்த மாதிரி வைக்கலாம். என்னைக் கேட்டால் செம்மண், அதன் மேல் ஜல்லி, பாலித்தீன் விரிப்பு, கான்கிரீட் என்று முறையாக நிரப்பிவிடுவது நல்லது. பாலித்தீன் விரிப்பை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம். கீழிருந்து ஏறும் ஈரத்தை நிறுத்துவது அதுதான்.

அடுத்து சுவர். பழைய தறி வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரையோ மண் சாந்தோ வைத்துக் கட்டியது. டிரில் போட்டுப் பிளக் அடித்து ஸ்க்ரூ முடுக்கினால், முடுக்கும்போது பிடித்த மாதிரி இருக்கும். கனமாக எதையாவது மாட்டிய சில நாளில் பிளக்கோடு கையில் வந்துவிடும். அதனால் சுவரை நம்பாமல், தரையில் நின்று மேலே உத்திரத்தில் முட்டுகிற மாதிரி ஒரு மரச் சட்டம் அடித்து, அதில் பிளைவுட் பலகை மாட்டுவது சரி. சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் சுண்ணாம்புச் சுவரின் ஈரம் சாமானுக்கு வராது.

இந்தச் சட்டத்துக்கும் வேலை மேசைக்கும் மரம் வாங்கக் கடைக்குப் போக வேண்டியது இல்லை. தெருவில் இன்னும் பழைய தறிகள் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கின்றன. விறகு விலைக்குப் போகிறது. பல பத்தாண்டுகள் காய்ந்து முறுகிய மரம். இனி வளையாது, வெடிக்காது. தறியின் கால்மரங்கள் நாலை வைத்து மேசை செய்தால் அதன் மேல் சுத்தியல் போட்டு அடித்தாலும் அசையாது. ஒரு வீட்டில் தறி பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால் போய்க் கேளுங்கள். அடுப்பில் போய்ச் சேருவதைவிட இன்னொரு வேலைக்காரன் கையில் இருக்கட்டும் என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய மரத்தில் உள்ளே ஆணி மறைந்திருக்கும். ரம்பம் வைப்பதற்கு முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அம்மாபேட்டைக்கே உரிய இன்னொரு சங்கதி, பக்கத்து வீட்டு விசைத்தறி. சுவரோடு சுவராக நாலு தறி ஓடினால் நம் பலகை நாள் முழுக்க அதிரும். நேரான ஆணியில் மாட்டிய ஸ்பானர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் ராத்திரி டங்கென்று கீழே விழும். ஆணியை மேல்நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி வளைந்த கொக்கி போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று மாட்டவே கூடாது. உளி, அரம் மாதிரி முனை உள்ளவற்றைத் தொங்கவிடாமல் துளை போட்ட கட்டையில் நிற்க வையுங்கள். அரத்தை அரத்தோடு உரசவிட்டால் இரண்டுமே மழுங்கிப்போகும்.

இப்போது வாங்குவதைப் பேசலாம்.

எங்கள் தெருவில் விசைத்தறி பழுது பார்க்கிற ஃபிட்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் பையில் மொத்தமே ஒரு சாப்பாட்டுத் தூக்குக்குள் அடங்குகிற அளவு சாமான்தான். "ஏண்ணா, இவ்வளவுதானா?" என்றேன் ஒரு தடவை. "தம்பி, தறியில இருக்கறதே அஞ்சாறு சைஸ் போல்ட்டு. இல்லாத போல்ட்டுக்கு எதுக்கு ஸ்பானரு?" என்றார். நூற்றுச் சொச்சம் பீஸ் என்று போட்டு விற்கிற பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. அந்தப் பெட்டிகளில் பாதி எண்ணிக்கை சின்னச் சின்ன பிட்டுகள். நம் வீட்டில் எந்த போல்ட் இருக்கிறது என்று பார்த்து வாங்கினால் அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது.

இந்த ஊரில் போல்ட்டுக் கணக்கு மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சிக்கலானது. காரணம், இங்கே ஒரே வீட்டில் இரண்டு அளவு முறைகள் குடியிருக்கின்றன. விசைத்தறிகள் லங்காஷயர் தறியின் வழியில் வார்க்கப்பட்டவை, அவற்றின் போல்ட்டுகள் இன்ச் கணக்கு. ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1841-ல் முன்வைத்த மரை அளவு அது. இந்தியாவில் 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறினார்கள், தறிகள் மாறவில்லை. வெளியே நிற்கிற வண்டியோ முழுக்க மில்லிமீட்டர். அதனால் 'அரை இன்ச் ஸ்பானர் கொடுங்க' என்று கடையில் கேட்டால் போதாது. விட்வொர்த் ஸ்பானரில் 1/2 என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் தண்டு அளவு. ஸ்பானரின் வாய் 23 மி.மீ.க்கு மேல் இருக்கும். வேறு வகை இன்ச் ஸ்பானரில் அதே 1/2 என்பது வாயின் அளவு, அதாவது 12.7 மி.மீ. இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். பின்னாளில் வந்த அரை இன்ச் போல்ட்டுகளில் தலையைச் சிறிதாக்கிவிட்டார்கள், அது தனிக் கதை. ஒரே வழி, அரை இன்ச் போல்ட் என்று வாயால் சொல்லாமல், கழற்றிய போல்ட்டையே கையில் எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது.

மில்லிமீட்டர் பக்கம் இவ்வளவு கஷ்டம் இல்லை. ஜப்பானிய வழியில் வந்த பைக்குகளில் 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 12, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14. இந்த மூன்றோடு 8-ம் 17-ம் சேர்த்தால் வண்டியின் அன்றாட வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இரும்புக் கட்டில், ஷெல்ஃப் என்று கடையில் வாங்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கு மட்டும் தலை 13 இருக்கும். அந்த இடத்தில் 14 ஸ்பானரைப் போட்டுத் திருகினால் மூலை மழுங்கி, அப்புறம் உளி வைத்து அடிக்கிற நிலை வரும். எனவே 13 ஒன்று தனியாக வேண்டும். ஒரு பக்கம் திறந்தது, ஒரு பக்கம் ரிங் என்று இருக்கிற காம்பினேஷன் ஸ்பானராகவே வாங்குங்கள். இறுகிய போல்ட்டை ரிங் பக்கத்தால் முதலில் அசைத்துவிட்டு அப்புறம் திறந்த பக்கத்தால் கழற்றலாம்.

கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எதற்குச் செலவழிப்பது? பிடிக்கிற சாமானுக்கும் அளக்கிற சாமானுக்கும். பெஞ்ச் வைஸ் இல்லாத பட்டறையில் ஒரு கையால் பிடித்து ஒரு கையால் அறுப்பது என்று எல்லா வேலையும் பாதி வேலை. 4 இன்ச் வாய் உள்ள நல்ல வைஸ் ஒன்று வாழ்நாளுக்கும் வரும். இதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. காயலான் கடையில் மூடிப்போன ஒர்க்‌ஷாப் வைஸ்கள் வந்து விழும். திருகை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். மரை நடுவில் மட்டும் தேய்ந்திருக்கும், அதுதான் அதிகம் ஓடிய இடம். அங்கே ஆட்டம் இருந்தால் வேண்டாம். வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியும். உடைந்து வெல்டு வைத்த வார்ப்பிரும்பு வைஸை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். அதே கடையில் பழைய சுத்தியல் தலை, பட்டறைக்கல் துண்டு, இழைப்புளி எல்லாம் வாங்கலாம். அரமும் டிரில் பிட்டும் மட்டும் பழசு கூடாது. பிட்டுக்குச் சென்னை அடிசன் போல பெயர் தெரிந்ததாக வாங்குங்கள். மலிவு பிட் ஒரு இரும்புப் பட்டையில் நாலு துளை போடுவதற்குள் நீலம் பாய்ந்துவிடும். தீட்டுக்கல்லும் அப்படித்தான். 1954-ல் தொடங்கிய முருகப்பா குழுமத்துக் கார்போரண்டம் யுனிவர்சல் நம் மாநிலத்துக் கம்பெனி, அதன் கல் எங்கும் கிடைக்கும்.

கட்டிங் பிளேயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்று அதை நம்பிக் கரண்ட் வேலைக்குப் போகிறார்கள். பல பிளேயர்களில் அந்த உறை கை வழுக்காமல் இருப்பதற்கு மட்டும்தான். மின்சாரத்துக்குச் சோதித்த பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அது இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை.

மெஷின் சாமானில் டிரில்லிங் மெஷின் பற்றிப் பேச அதிகம் இல்லை, 13 மி.மீ. சக், முன்னும் பின்னும் சுற்றுவது, போதும். ஆங்கிள் கிரைண்டர் பற்றித்தான் இந்த ஊர்க்காரர்களிடம் நான் விடாமல் பேசுவேன். தறி ஓடிய வீட்டில், தறி ஓடுகிற தெருவில், பஞ்சுத் தூசி இல்லாத இடமே கிடையாது. ஓட்டுக்கு அடியில், உத்திரத்தின் மேல், சுவிட்ச் போர்டின் உள்ளே எல்லாம் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். கிரைண்டரின் பொறி ஒன்று அதில் விழுந்தால் தீ உடனே எரியாது. உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருந்து, நாம் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு பற்றிக்கொள்ளும். கூடத்துக்குள் கிரைண்டர் ஓட்டாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, பொறி தெருப்பக்கமும் விழாமல் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து ஓட்டுங்கள். முடிந்த பிறகு அரைமணி நேரமாவது அங்கேயே இருங்கள்.

அதன் வட்டுகளையும் பத்திரமாக வைக்க வேண்டும். நடுவில் இருக்கிற உலோக வளையத்தில் ஒரு மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். பிசின் வைத்துச் செய்த வட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். ஈரம் குடித்தால் அதற்குள்ளேயே பலம் போய்விடும். 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் வட்டு உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கூடத்தின் ஈரத் தரையில், சுவரோரமாகச் சாய்த்து வைக்கிற பழக்கம் நிறையப் பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில், படுக்கை வசத்தில், உயரமான அலமாரியில் வையுங்கள். வெல்டிங் ராடும் அதே அலமாரிதான், அதுவும் ஈரம் இழுக்கும். தறிக்குக் கொடுத்த கரண்ட் சர்வீஸில் வெல்டிங் மெஷினை மாட்டுவதும் வேண்டாம். சலுகைக் கட்டணம் தறிக்காகக் கொடுத்தது, அது தறிக்கே இருக்கட்டும்.

எண்ணெய் போடுவதிலும் இந்தப் பஞ்சுத் தூசியைக் கணக்கில் வைக்க வேண்டும். சொட்டச் சொட்ட எண்ணெய் தடவிய ஸ்பானரில் ஒரு வாரத்தில் பஞ்சு ஒட்டிக் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும். அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடியில் துரு ஆரம்பிக்கும். மெல்லிய தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு, துடைத்து எடுத்த மாதிரி பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகச் சிக்குப் பிடித்துவிடும்.

ஆயுத பூஜை எவ்வளவு சரியான நேரத்தில் வருகிறது என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் ஆச்சரியம். புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குச் சற்று முன்னால், ஊரே சாமான்களை எல்லாம் இறக்கித் துடைக்கிறது. மழைக்காலத் துருவுக்கு அதைவிட நல்ல காப்பு கிடையாது. ஆனால் தண்ணீரில் கழுவியதோடு அப்படியே நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுகிறோம். குழைத்த சந்தனம் காயும்வரை ஈரம்; அதை எடுத்துப் பார்த்தால் அடியில் பொட்டு வடிவத்திலேயே துரு இருக்கும். கழுவியதும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, மரப்பிடியின் மேல் பொட்டு வையுங்கள். பிடி இல்லாத சாமானுக்கு அது இருக்கும் பலகையில் வைத்தால் போகிறது. பூஜை முடிந்த மறுநாளே சாமானைத் தொட்டு வேலை செய்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அப்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துத் திருப்பி மாட்டுவது வருடத்துக்கு ஒரு முழுத் தணிக்கை.

கடைசியாக, இரவல். தெருவில் ஒருவரிடம் டிரில்லிங் மெஷின் இருக்கிறது என்றால் தெருவுக்கே டிரில்லிங் மெஷின் இருக்கிறது. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். வீட்டுக்கு வீடு ஒரு மெஷின் வாங்கி வருடத்துக்கு இரண்டு தடவை ஓட்டுவதில் என்ன பிரயோஜனம்? ஆனால் பலகையின் ஓரத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எடுத்துப் போகிறவரே தன் பெயரை எழுதிவிட்டுப் போகட்டும். அதில் யாருக்கும் மனக்கசப்பு வந்து நான் பார்க்கவில்லை. நம் சாமானின் பிடியில் ஒரே நிறத்தில் பெயிண்ட் பட்டை அடித்துவிட்டால், வேறு வீட்டுச் சாமான்களோடு கலந்தாலும் பிரித்து எடுக்கலாம். கிரைண்டரை மட்டும் வட்டின் மேல் இருக்கிற கார்டும் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கார்டு இடைஞ்சலாக இருக்கிறது, கழற்றிக் கொடுங்கள் என்று கேட்பவருக்கு, அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், நானே வந்து அறுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.